கேட்டு வாங்குங்கள்: பாளையங்கோட்டை வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மரபணு மாற்றிய உணவு எதையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவெடுத்ததாகவும், அந்த முடிவோடு மகாராஜநகர் உழவர் சந்தைக்குள் போனால் எதை எடுப்பது எதை விடுவது என்று கை ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தக்காளி எல்லாம் ஒரே அளவில் உருண்டையாக இருக்கிறது, பப்பாளி ரத்தச் சிவப்பாக இருக்கிறது, திராட்சையில் விதையே இல்லை, எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வருகிறது என்கிறீர்கள். உங்களைப் போலவே கேட்பவர்கள் பலர் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தவிர்க்க வேண்டிய பட்டியல் மிகச் சின்னது. அது காய்கறிக் கூடையில் இல்லை. எண்ணெய் டின்னிலும், பளபளக்கும் பாக்கெட்டிலும் இருக்கிறது. உங்கள் உரிமையில் இருக்கும் குறையோ அந்தப் பட்டியலை விடப் பெரியது. வாங்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

இந்தியாவில் விவசாயி வணிகத்துக்காகப் பயிரிட அரசு அனுமதித்து, வயலுக்கு வந்திருக்கும் மரபணு மாற்றப் பயிர் ஒன்றே ஒன்றுதான்: பருத்தி. 2002-ல், பாக்டீரியா மரபணு ஏற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் பச்சைக்கொடி காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.ஹெச். 11 என்ற கடுகு அது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 23 அன்று இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நெல், கோதுமை, உளுந்து, துவரை, தக்காளி, வெண்டை, மிளகாய், வாழை எதற்கும் அப்படி அனுமதி இல்லை.

ஆகவே சந்தையில் உங்களை மிரட்டும் பல பொருட்கள் அப்பாவிகள். ஒரே அளவுத் தக்காளி ஹைபிரிட், அதாவது இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு விதையில் விளைந்தது. அதன் ருசியில் எனக்கும் குறை உண்டு. அது வேறு வழக்கு. நம் ஊரில் விற்கும் சிவப்புப் பப்பாளி பெரும்பாலும் தைவானிலிருந்து வந்த ரெட் லேடி என்ற ஒட்டு ரகம். மரபணு மாற்றிய பப்பாளி என்று உலகில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் வைரஸ் நோயைத் தாங்குவதற்காக 1998-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். திராட்சையில் விதையில்லாத குணம் இயற்கையாகத் தோன்றியது. மனிதன் அதைக் குச்சி நட்டுப் பெருக்கிக்கொண்டான். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நடுகிற திசு வளர்ப்பு வாழைக் கன்று, தாய்மரத்தின் குருத்துத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து எடுத்த கன்று. அதில் வேறு உயிரின் மரபணு எதுவும் நுழைக்கப்படவில்லை. பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் 8-ல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு எண் முறை ஏட்டில் ஒதுக்கப்பட்டதே தவிர, கடைகளில் நடைமுறைக்கு வரவில்லை.

இட்லிக்கு நீங்கள் வாங்கும் குண்டரிசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அம்பை 16 என்றால் அதன் பிறப்புச் சான்றிதழே நம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 31, கோ 39 என்ற இரண்டு நெல்லையும் மகரந்தம் சேர்த்து, 1986-ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 அது. காருக்கும் பிசானத்துக்கும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைகிற நெல்லைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பாட்டன் காலத்து நெல் இல்லை என்பது உண்மை. மரபணு மாற்றிய நெல்லும் இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

இனிக் கத்தரிக்காய்க்கு வருகிறேன். இந்தக் கதையை நெல்லைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாட்டையே உலுக்கிய பி.டி. கத்தரி விவகாரத்தில் நம் ஊர்க் காய்க்கும் ஒரு பங்கு இருந்தது.

வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே உள்ளூர் நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம் கே.கே.எம். 1. சின்னதாக, முட்டை வடிவத்தில், பால் வெள்ளையாக, கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. மஹாராஷ்டிராவைச் சேர்ந்த மஹிகோ நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியபோது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தன. அமெரிக்க அரசின் நிதியுதவியோடு கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய திட்டம் அது. கோவைப் பல்கலைக்கழகம் தன் நான்கு ரகங்களில் பி.டி. மரபணுவை ஏற்றியது. கோ 2, மதுரையின் எம்.டி.யு. 1, பாலூரின் பி.எல்.ஆர். 1, நம் கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1. தாமிரபரணிக் கரைக் கத்தரியும் வரிசையில் நின்றது.

அந்த மரபணு எதற்கு என்பதை நீங்கள் அரிவாள்மணையில் உட்காரும்போதே பார்க்கலாம். காம்பை ஒட்டி, தொப்பி போன்ற புல்லிவட்டத்தின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை இருக்கும். வெளியே காய் மின்னும். நறுக்கினால் உள்ளே பழுப்பேறிய ஒரு சுரங்கம், அதன் முடிவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. தாய்ப்பூச்சி இலையிலும் குருத்திலும் முட்டையிடும். பொரித்த புழு முதலில் குருத்தைத் துளைக்கும். நுனி வாடித் தொங்கும். பிஞ்சு பிடித்ததும் காய்க்குள் போய்விடும். போன வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் மருந்தடித்தால் மருந்து காய்த் தோலில் படுமே தவிரப் புழுவைத் தொடாது. அதனால்தான் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். கத்தரி வயலைப் போல மருந்து குடிக்கும் காய்கறி வயல் குறைவு.

மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்ற பாக்டீரியாவின் மரபணு ஒன்றைக் கத்தரிச் செடிக்குள் வைத்தால், செடியே கிரை1ஏசி என்ற புரதத்தை உண்டாக்கும். கடித்த புழு செத்துவிடும். மருந்துச் செலவு குறையும். பி.டி. கத்தரியின் வாதம் இதுதான். இதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிறவருக்கு அது பெரிய ஆசுவாசம்.

2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்குச் சம்மதித்தது. எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்நாட்டில் அந்த எதிர்ப்பின் முன்னால் நின்றவர் நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று வேலையை விட்டு வெளியே வந்தவர் அவர். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார். 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரியைக் காலவரையின்றி நிறுத்திவைத்தார். விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை, சோதனைகள் நிறுவனம் சாராமல் நடக்கவில்லை, மாநில அரசுகள் ஏற்கவில்லை, கத்தரியின் தாயகமான இந்தியாவில் அதன் ரகச் செல்வத்துக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. பக்கத்து வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, அடுத்த ஆண்டு வயலுக்குக் கொண்டுபோனது. 2019-ல் ஹரியானாவின் ஃபத்தேஹாபாத்தில் திருட்டுத்தனமாக விளைந்த பி.டி. கத்தரி பிடிபட்டது. எனவே கண்காணிப்பு தளரக் கூடாது. ஆனால் சட்டப்படி நம் சந்தைக்கு வரும் வெள்ளைக் கத்தரியில் அந்த மரபணு இல்லை.

அப்படியானால் கத்தரிக்காயில் கவலையே இல்லையா? இருக்கிறது, அது மருந்து பற்றிய கவலை. மரபணுவுக்குப் பயந்து ஓடுகிற குடும்பம் மருந்தை மறந்துவிடக் கூடாது. புழு இருக்கும் காயே மருந்தடிக்காத காய் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கத்தரிக்கு அது பொருந்தாது. புழு உள்ளே பத்திரமாக இருக்க, வெளியே எத்தனை முறை வேண்டுமானாலும் மருந்து விழுந்திருக்கலாம். துளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விளைவித்தவரிடம் கேளுங்கள். உழவர் சந்தையின் பெரிய வசதியே விற்பவரும் விளைவித்தவரும் ஒரே ஆளாக இருப்பது. "மருந்தடிச்சு எத்தனை நாள் ஆச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டால் கோபிக்க மாட்டார்கள். வாடிய குருத்தை அவ்வப்போது கிள்ளி எரிப்பவர், வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருப்பவர், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பவர் யார் என்று நாலு வாரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். பி.டி. இல்லாமலும் புழுவைச் சமாளிக்கலாம் என்று காட்டுகிற அந்த விவசாயியைக் காப்பாற்றுவது வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

இப்போது பட்டியலின் உண்மையான தலைப்புக்கு வருவோம். அது பருத்தி.

பருத்தியைத் துணியாக மட்டுமே நினைக்கிறோம். பஞ்சைப் பிரித்த பின் மிஞ்சும் விதை நம் உணவுக்குள் வருகிறது. இந்தியாவில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்போது பி.டி. பருத்தி. கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் கரிசலில் ஒரு காலத்தில் கருங்கண்ணி விளைந்தது. மழையை மட்டும் நம்பி, குட்டை இழையோடு, பூச்சிக்கு ஈடுகொடுத்து நின்ற நம் பருத்தி அது. அந்த இடத்தை நாடெங்கும் கம்பெனி விதை பிடித்துக்கொண்டது. பருத்திவிதை எண்ணெய் வடநாட்டு நொறுக்குத் தீனிகளிலும் வனஸ்பதியிலும் கலப்பு எண்ணெயிலும் போகிறது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது.

அதைவிட நேரான வழி ஒன்று உண்டு: பருத்திப் பால். மாலையில் தள்ளுவண்டியில், கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் மணக்க, சூடாகக் குடிக்கிற பானம். மதுரையின் பேர் சொன்னாலும் நெல்லையிலும் கிடைக்கும். சளிக்கு நல்லது என்று நாமே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அந்த விதை எந்த வயலிலிருந்து வந்தது என்று விற்பவருக்கும் தெரியாது. நாட்டின் பருத்தி அநேகமாக முழுவதும் பி.டி. என்றால், கடையில் வாங்கும் பருத்திவிதையும் அநேகமாக அதுதான் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். எண்ணெயை எடுக்கும்போது புரதமும் மரபணுவும் பெரும்பாலும் வடிந்துபோகும். முழு விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழியும்போது அப்படி இல்லை. மரபணு மாற்றியதைத் தவிர்ப்பது என்று உறுதியாக இருந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் பண்டம் தக்காளியல்ல, பருத்திப் பால்தான். சளிக்குச் சுக்குக் கருப்பட்டிக் காபி போதும். பருத்திப் பால்தான் வேண்டுமென்றால் பி.டி. அல்லாத நாட்டுப் பருத்தி விளைவிக்கும் கரிசல் விவசாயியிடம் விதையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து எண்ணெய். ரீஃபைண்டு சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிறது. அங்கே விளையும் சோயாவில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றியது. 2007-லேயே அத்தகைய சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்துவிட்டது. கனோலா எண்ணெயும் பெரும்பாலும் அந்த வகைதான். இந்தியாவில் விளையும் சோயா அப்படியல்ல. ஆகவே உள்ளூர்ச் சோயாவில் செய்த மீல் மேக்கரை ஒதுக்க வேண்டிய காரணம் இல்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுமே கவலையற்றவை. எள்ளிலும் நிலக்கடலையிலும் தென்னையிலும் உலகில் எங்கும் மரபணு மாற்றிய ரகம் சந்தைக்கு வரவில்லை. சூரியகாந்தியும் பனையும்கூட அப்படித்தான். நம் ஆச்சிமார் அடுப்படியில் வைத்திருந்த மூன்று எண்ணெய்க்குள்ளேயே நின்றால் இந்தக் கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். செக்கு எண்ணெய் விலை கூடுதல் என்பது தெரியும். அளவைக் குறைத்து நல்லதை வாங்குவதுதான் வழி.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பாக்கெட் உணவு. சோளச் சிப்ஸ், பாப்கார்ன், காலைத் தானியம், கார்ன் சிரப் கலந்த இனிப்பு, சோயா சேர்ந்த பொருட்கள். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-ல் கடைகளிலிருந்து 65 உணவுப் பொருட்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 21-ல் மரபணு மாற்றிய பொருள் இருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை இறக்குமதி. குழந்தை உணவும் அவற்றில் இருந்தது. பெரும்பாலான லேபிள்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரபணு மாற்றிய பொருள் அடங்கிய பாக்கெட்டின் முகப்பில் 'ஜிஎம்' என்று எழுத வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1-லேயே வந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். விதி இருந்தது, எழுத்து இல்லை.

பால், முட்டை, கோழி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்சி மாடும் பிராய்லர் கோழியும் இனத்தேர்வில் வந்தவை. மரபணு மாற்றியவை அல்ல. ஆனால் அவை தின்னும் தீவனத்தில் பி.டி. பருத்திப் பிண்ணாக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தீவன விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. தீவனத்தில் இருக்கும் புரதத்தைக் கால்நடையின் வயிறு செரித்துவிடுகிறது. பாலும் முட்டையும் இதனால் மாறுவதில்லை என்பதே உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் முடிவு. பாலை நிறுத்த வேண்டாம் சகோதரி. வளரும் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் மறுப்பதால் வரும் நஷ்டம் உறுதியானது.

உடல்நலத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியிருந்த எலிப் படத்தை, கட்டிகளோடு கிடக்கும் அந்த எலிகளை, நானும் பார்த்தேன். பிரான்சில் செராலினி என்பவர் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வின் படம் அது. எண்ணிக்கை போதாது, அந்த எலி இனமே இயல்பாகக் கட்டி வரக்கூடியது என்று கேள்விகள் எழுந்து, 2013-ல் அந்த இதழே ஆய்வை விலக்கிக்கொண்டது. அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 2016-ல் 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, இப்போது சந்தையில் இருக்கும் மரபணு மாற்றிய உணவு மற்ற உணவைவிட மனித உடலுக்கு அதிக ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. உலகச் சுகாதார அமைப்பின் கருத்தும் அதை ஒட்டியதே. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் இதுவரை தெரியாமல் எதையாவது தின்றிருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மாமனார் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இன்சுலினை மரபணு மாற்றிய பாக்டீரியாவோ ஈஸ்டோதான் உண்டாக்குகிறது. 1982 முதல் அந்த மருந்து உலகில் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிவருகிறது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் அந்த ஊசியைத் தொடாமல் இருந்துவிடக் கூடாது. தொழில்நுட்பம் முழுவதையும் விஷம் என்று ஒதுக்குவது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது.

பின் ஏன் தவிர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் காரணங்கள் மூன்று. விதை யார் கையில் இருக்கிறது என்பது முதலாவது. பி.டி. பருத்தி வந்தபின் பருத்தி விவசாயி ஆண்டுதோறும் கடையில் நிற்கிறார். இரண்டாவது, அந்தத் தொழில்நுட்பத்தின் பலன் நிலைப்பதில்லை. பி.டி. பருத்திக்கு அடங்கியிருந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தொடங்கி அதைத் தாங்கப் பழகிக்கொண்டது. விவசாயி மறுபடியும் மருந்துக் கடைக்குப் போனார். மூன்றாவது, தேர்ந்தெடுக்கும் உரிமை. ஆபத்து உண்டோ இல்லையோ, என் வீட்டுச் சோற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும். மரபணு மாற்றப் பயிரின் தாய்வீடான அமெரிக்காவிலேயே 2022 முதல் எழுதுவது கட்டாயம். பாளையங்கோட்டைத் தாய்க்கு மட்டும் ஏன் அது மறுக்கப்பட வேண்டும்?

இந்தக் கேள்வி இனி இன்னும் அவசரமாகும். 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா ஒன்று, டெல்லி பூசா நிறுவனத்தின் டி.எஸ்.டி. நெல் 1 மற்றது. இவற்றில் வேற்று உயிரின் மரபணுவை நுழைக்கவில்லை. நெல்லின் சொந்த மரபணுவில் குறித்த இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 2022 மார்ச்சிலேயே இத்தகைய பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டுவிட்டது. விளைச்சல் கூடும், தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். நடந்தால் நல்லதுதான். ஆனால் கடை அரிசியில் அது கலந்து வந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கத்தரிக்கு ஏழு ஊரில் மக்களைக் கூட்டிக் கேட்ட நாடு, சோற்றுக்கு ஒரு ஊரிலாவது கேட்டிருக்க வேண்டும். இந்த நெல் அம்பாசமுத்திரத்துக்கோ சேரன்மகாதேவிக்கோ வருமுன், மூட்டையில் அதன் பெயர் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டியவர்கள் நாம்.

இனி வீட்டுக்கான வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெயை எள், கடலை, தேங்காய் என்ற மூன்றுக்குள் வையுங்கள். கலப்பு எண்ணெய், வனஸ்பதி, சோயா, கனோலா, பருத்திவிதை என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். 'சமையல் எண்ணெய்' என்று மட்டும் எழுதி எந்த எண்ணெய் என்று சொல்லாத நொறுக்குத் தீனியையும் விடுங்கள். இறக்குமதிச் சோள, சோயாத் தின்பண்டங்களுக்குப் பதில் உள்ளூர்ச் சோளத்தை அவித்துக் கொடுங்கள்; பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கும். பருத்திப் பாலை விதையின் ஊர் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு, சொதி, எள்ளுத் துவையல், வீட்டு இட்லி, உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் தாராளமாகப் பரிமாறுங்கள். அல்வாவும் சரி, கோதுமைப் பாலில் மரபணு மாற்றம் இல்லை. இனிப்பு என்பதற்காக அளவோடு கொடுங்கள். காய்கறியை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

மாடியில் இடம் இருந்தால் வெள்ளைக் கத்தரியை இரண்டு தொட்டியில் வையுங்கள். கே.கே.எம். 1 ஒட்டு விதையல்ல. பழுத்து மஞ்சளான காயிலிருந்து விதையெடுத்து, அடுப்புச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தால் அடுத்த வருடமும் அதே காய் காய்க்கும். வாடிய குருத்தைக் கிள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சாப்பாட்டுக்கும் விதைக்கும் உள்ள உறவை எந்தப் பாடப் புத்தகமும் அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்காது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குள் தவிர்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 24 பயிர்களின் இறக்குமதிக்கு 'மரபணு மாற்றியதல்ல' என்ற சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 2021 நவம்பரில், 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்ற வரைவு விதிகளையும் வெளியிட்டது. விதியைக் கடை அலமாரிக்குக் கொண்டுவருவது நம் கேள்விதான். லேபிளில் தகவல் இல்லாத இறக்குமதிப் பாக்கெட்டைக் கண்டால், படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். உங்கள் குடியிருப்பில் இன்னும் நாலு பேரை எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டி மறுபடியும் எழுதுங்கள். பி.டி. கத்தரி நின்றதில், மக்கள் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டதற்கும் பங்கு உண்டு. நீங்களும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்